தாய்ப்பத்திரத்தில் ‘வெள்ளையர் மட்டும்’: இந்த வீட்டை வாங்கலாமா?

சியாட்டிலிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவன், மனைவி இருவருக்கும் மென்பொருள் வேலை. 2014-ல் வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்தவர்கள். எட்டு வயதில் ஒரு மகள். நகரின் வடபகுதியில் 1939-ல் கட்டிய வீடு ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கட்டியாயிற்று. கிரயம் முடிந்து வீடு கைமாறும் க்ளோசிங்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வீட்டின் உரிமை வரலாற்றைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அனுப்பிய அறிக்கையின் பின்பகுதியில் விதிவிலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஆறாவது வரி, 1938-ல் பதிவான கட்டுப்பாடுகள். கழிவுநீர்க் குழாய், மின்கம்பம் மாதிரி ஏதோ என்று நினைத்து அந்த நீல எழுத்தைத் தட்டியிருக்கிறார். தட்டச்சு மங்கிய மூன்று பக்கம் திறந்தது. சாலையிலிருந்து வீடு எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், கோழி வளர்க்கக் கூடாது, இவ்வளவு டாலருக்குக் குறைந்த வீடு கட்டக் கூடாது என்று வரிசையாக வந்து, நடுவில் இது: வெள்ளை இனத்தவர் தவிர வேறு எவரும் இந்த மனையிலோ அதிலுள்ள கட்டடத்திலோ குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

அவருடைய அப்பா தென்மாவட்டம் ஒன்றில் முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “தாய்ப்பத்திரத்திலேயே வில்லங்கம் இருக்கு. விட்டுருமா” என்றாராம். கணவர், “செத்த சட்டம், கண்டுக்காதே” என்கிறார். கணவரின் சித்தப்பா, “நாமெல்லாம் காக்கேசியன்தான், அது நமக்குப் பொருந்தாது” என்று அடித்துச் சொல்கிறார். ஒரு தோழி, “இதுக்காக இந்தியர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்குது, கேட்டு வாங்கு” என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: வீடு நம் கையை விட்டுப் போகுமா? நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இந்தக் காகிதத்தைக் காட்டினால்? இதை ஒரேயடியாக அழிக்க முடியுமா? விற்பவர் மேலோ, அன்று லேஅவுட் போட்ட கம்பெனி மேலோ வழக்குப் போட முடியுமா? “வேலைக்காரர்களுக்கு விலக்கு என்பதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வீட்டில் எங்கள் ஆட்கள் பாத்திரம் தேய்க்கலாம், படுக்கக் கூடாது” என்று எழுதியிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: கீழ்த்தளத்தை நம்ம ஊர் சைவக் குடும்பம் யாருக்காவது வாடகைக்கு விட்டால் கடன் தவணையைச் சமாளிக்கலாம் என்பது திட்டம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்குப் பதில். வீடு போகாது. அந்த வரியை வைத்து உங்களை வெளியேற்றவோ, உங்கள் கிரயத்தைத் தடுக்கவோ அமெரிக்காவில் எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. கடன் கொடுக்கிற வங்கிக்கும் டைட்டில் காப்பீட்டுக்கும் அதனால் தடங்கல் இல்லை. சியாட்டில் வட்டாரத்தில் அந்தக் காலத்து வீடு வாங்குகிறவர்களில் கணிசமான பேர் இப்படி ஒரு தாளைப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் அந்த நீல எழுத்தைத் தட்டிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் தட்டினீர்கள்.

அப்பா சொன்ன வில்லங்கம்

உங்கள் அப்பா சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மனையோடு ஒட்டிக்கொண்டு வருகிற நிபந்தனை, கை மாறினாலும் விடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம். இங்கேயும் அதே பாடம்தான். உங்கள் தாளில் உள்ள சாலைத் தூரமும் கோழியும் இன்றைக்கும் உங்களைக் கட்டுப்படுத்தலாம். இந்தியாவில் 2005-ல்கூட, ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்கள் பார்சிகளாக மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டதை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தப் பழக்கத்தில் வந்தவர், எழுதிப் பதிந்தது நிற்கும் என்று நினைப்பது இயல்பு.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நின்றது. 1917-ல் லூயிவில் நகரத்து வழக்கொன்றில், இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தத் தெரு கறுப்பருக்கு என்று நகராட்சி சட்டம் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அரசாங்கம் செய்யக் கூடாது என்றால் நாமே பத்திரத்தில் எழுதிக்கொள்வோம் என்று மனை வியாபாரிகள் கிளம்பினார்கள். 1926-ல் அதே உச்ச நீதிமன்றம், அது தனியார் ஒப்பந்தம், நாங்கள் தலையிட ஒன்றுமில்லை என்று ஒதுங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா? சியாட்டிலில் கேப்பிடல் ஹில் பகுதியில் 1927, 28-ல் வீட்டுக்காரர்களே தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிப் பதிந்தார்கள். விமானக் கம்பெனி தொடங்கிய வில்லியம் போயிங் நகரின் வடக்கே போட்ட மனைப்பிரிவுகளிலும் இந்த நிபந்தனை உண்டு. உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் வீடு தேடுவார்கள். கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் காப்பீட்டு அமைப்பு 1938-ல் தன் மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுத்த கையேட்டில் இப்படிப்பட்ட நிபந்தனையைச் சிபாரிசே செய்தது. உங்கள் தாளின் வருடத்தை ஒருமுறை பாருங்கள். அந்த வரியை எழுதியவருக்கு அது மன வக்கிரமாகக்கூடத் தோன்றியிருக்காது. வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்க வழி, அவ்வளவுதான்.

உடைந்தது 1948 மே 3 அன்று. செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டின் மேல் 1911-ல் எழுதிய நிபந்தனை இருந்தது. தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் தனியாருடையது என்றாலும், அதை நிறைவேற்ற நீதிமன்றம் உத்தரவு போட்டால் அது அரசின் செயலாகிவிடும், அரசமைப்பின் 14-வது திருத்தம் அதை அனுமதிக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள்தான் தீர்ப்பில் இருந்தார்கள். மற்ற மூவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரங்களிலும் இதே வரி இருந்திருக்கும் என்பது பரவலான ஊகம். 1953-ல் இன்னொரு வழக்கில், நிபந்தனையை மீறி விற்றவரிடம் அண்டை வீட்டார் நஷ்டஈடும் கேட்க முடியாது என்று ஆயிற்று. ஆனாலும் எழுதுவது நின்றதா என்றால், இல்லை. அதே 1953-ல் நம் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள், வீட்டு வேலைக்காரர் விலக்கோடு சேர்த்து. செல்லாது என்று தெரிந்தும் பதிந்தது எதற்கு? வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டுத் தானே திரும்பிப் போய்விடுவார் என்பதற்குத்தான்.

1968 ஏப்ரல் 11 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் 49.60.224 என்ற பிரிவு சேர்ந்தது. இனம், மதம் போன்றவற்றைக் காட்டி விற்பனையையோ குடியிருப்பையோ தடுக்கும் எந்த வாசகமும் செல்லாது, அதை மதித்து நடக்க முயல்வதே சட்டம் தடுக்கும் முறையற்ற நடத்தை என்பது அதன் சாரம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு அந்தக் காகிதத்தைக் காட்டினால், சட்டச் சிக்கல் அவருக்குத்தான். மாநில மனித உரிமை ஆணையத்திலோ கூட்டாட்சி வீட்டு வசதித் துறையிலோ ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். என் அனுபவத்தில் யாரும் காட்டுவதில்லை.

இன்னொன்று. உங்கள் டைட்டில் அறிக்கையில் அந்த ஆறாவது வரியின் வாலைப் பாருங்கள். ‘இனம், நிறம், மதம் முதலியவற்றின் அடிப்படையிலான நிபந்தனை இருந்தால் அது நீங்கலாக’ என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்க வேண்டும். விற்பவர் உங்களுக்குக் கொடுத்த வெளிப்படுத்தல் படிவத்திலும் இத்தகைய நிபந்தனைகள் செல்லாது, இலவசமாக நீக்கப் பதியலாம் என்ற அறிவிப்பு அச்சாகியிருக்கும். அப்பாவுக்கு அந்த இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். பத்திர எழுத்தருக்கு என் பேச்சைவிட அச்சான வாசகம் நம்பிக்கை தரும்.

இதற்காக ஒப்பந்தத்தை முறிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. டைட்டில் அறிக்கைக்கு ஆட்சேபம் சொல்லும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். உங்களுக்கு அது அநேகமாக முடிந்திருக்கும். இப்போது விலகினால் முன்பணம் போகலாம். செல்லாத ஒரு வாசகத்துக்காக அந்தப் பணத்தை இழக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் மனம் ஒட்டாது என்று நினைத்தால், அது வேறு கணக்கு. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

சித்தப்பாவின் ‘காக்கேசியன்’

இந்த வாதத்தை நான் கல்யாண வீடுகளில், பிறந்தநாள் விருந்துகளில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இதே வாதத்தைச் சித்தப்பாவுக்கு முன்பே ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பகத் சிங் திண்ட். பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை. நான் ஆரியன், உயர்சாதி இந்து, மானுடவியல் கணக்கில் காக்கேசியன், எனவே வெள்ளையன் என்பது அவர் தரப்பு. 1923 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: புத்தகம் என்ன சொன்னாலும் எங்களுக்குக் கவலையில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்கிறானோ அவன்தான் வெள்ளையன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், ஜப்பானியரான ஒஸாவாவின் வழக்கில், வெள்ளையன் என்றால் காக்கேசியன் என்று இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. வாசல் எந்தப் பக்கம் திறந்தாலும் நாம் வெளியேதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பாகாய், அதற்குச் சில வருடங்கள் முன் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் பெர்க்லியில் வீடு வாங்கினார். சாமான்களோடு போய் இறங்கிய அன்று, உள்ளே நுழைய முடியாதபடி அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். கலிபோர்னியப் பத்திரங்கள் சிலவற்றில் ‘இந்து’ என்றே பெயர் சொல்லித் தடை எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர், முஸ்லிம் எல்லாருக்கும் அன்று அங்கே அதுதான் பெயர்.

ஆக, 1939-ல் உங்கள் சித்தப்பா அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தால் அந்த வரி அவரையும் சேர்த்துத்தான் குறிவைத்திருக்கும். இன்று அது உங்களைத் தொடாததற்குக் காரணம், எவரையும் அது தொட முடியாது என்பதே. இந்த வித்தியாசத்தை அவருக்கு எடுத்துச் சொல்லச் சரியான சமயம் அமைந்தால் சொல்லுங்கள், அமையாவிட்டால் விடுங்கள்.

அடித்துவிடுவதும் அழிப்பதும்

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. “அழிக்க முடியுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம், அழிக்க முடியாது. நம் ஊரில் பிழைதிருத்தல் பத்திரம் போட்டாலும் பழைய பத்திரம் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் அப்படியே இருக்கும் அல்லவா, அதைப் போலத்தான். வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி, உரிமையாளர் தாமே ஒரு திருத்த ஆவணம் பதிவது. 2019 தொடக்கத்திலிருந்து இருக்கிறது. சியாட்டில் அடங்கிய மாவட்டமான கிங் கவுண்டியின் பதிவு அலுவலக இணையதளத்தில் படிவம் கிடைக்கும். மூல ஆவணத்தின் பதிவு எண், உங்கள் மனையின் சட்ட விவரணை (பத்திரத்தில் மனையை அடையாளம் காட்டும் வாசகம்), பார்சல் எண் (மனைக்குக் கவுண்டி தந்த எண்), உங்கள் பெயர்கள், நோட்டரி முன் கையெழுத்து, இவ்வளவுதான். பதிவுக் கட்டணம் கிடையாது. இது கிரயம் இல்லை என்பதால் விற்பனை வரி மாதிரி எதுவும் வராது. வழக்கறிஞரும் தேவையில்லை. (என் தொழிலுக்கு நானே உலை வைக்கிறேன்.) பதிவானதும் அது 1938 ஆவணம் அமலுக்கு வந்த அதே நாளிலிருந்து அமலில் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு அம்சம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் பழைய தாள் பழைய இடத்திலேயே இருக்கும். அடுத்து வாங்குகிறவர் இரண்டையும் பார்ப்பார்.

படிவத்தில் கை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செல்லாத அந்த வாசகத்தை மட்டும்தான் அடிக்கலாம். சேர்த்துவைத்து, சாலைத் தூரம் பத்தடி அதிகமாக இருக்கிறதே, அதையும் தூக்கிவிடலாம் என்று நினைத்தால் அதன் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது வழி, கவுண்டியின் மேல்நிலை நீதிமன்றத்தில் மனு. இதை உரிமையாளர் மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரும் வாடகைதாரரும்கூடப் போடலாம். வழக்கில் எதிர்த்தரப்பு என்று ஆள் இல்லை. மனையே வழக்கின் தலைப்பு. நீதிமன்றக் கட்டணமும் சாதாரண சிவில் வழக்கைவிட மிகக் குறைவு. 2021-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு இது பலமான வழி. அந்த வாசகம் கறுப்படிக்கப்பட்ட புதுப் பிரதி பதிவாகும். இனி அதுதான் முதன்மை ஆவணம், பழையது உரிமைச் சங்கிலியிலிருந்து நீக்கப்பட்டது என்று பதிவு அட்டவணையில் குறிப்பு ஏறும். பழைய தாளின் பிரதியைக் கவுண்டி வரலாற்றுக்காகத் தனியே வைத்திருக்கும். மேலே சொன்ன ஸ்போகேன் பகுதி வீட்டுக்காரர் ஒருவர் இதற்காக மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். 2022-ல் அந்த நீதிமன்றம், திருத்தப்பட்ட சட்டப்படி அவருக்கு இந்த நிவாரணம் உண்டு என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ஏன் சுத்தமாக எரித்துவிடக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மாநிலம் முழுக்க எந்தெந்த மனையில் இந்த நிபந்தனை இருந்தது என்று தேடிப் பட்டியலிட்டது இதே பழைய தாள்களிலிருந்துதான். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால், இந்தத் தெருவில் இவர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, அவர்களுக்கு இங்கே வரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது.

உங்களுக்கு எது? திருத்த ஆவணமே போதும் என்பது என் கருத்து. வீட்டில் காலை எழுந்ததும் அந்த வரி ஞாபகத்துக்கு வந்து உறுத்துகிறது என்றால் மனுவுக்குப் போங்கள். இரண்டுமே உங்கள் மனைக்கு மட்டும்தான், தெரு முழுக்கச் செல்லாது. அந்த மனைப்பிரிவுக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்து, அதன் விதிகளிலும் இந்த வாசகம் இருந்தால், எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். உறுப்பினர்கள் எல்லாரையும் கூட்டி ஓட்டெடுக்காமல், நிர்வாகக் குழுவே அதை நீக்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கேட்டுவிட்டால் நியாயமான காலத்துக்குள் நீக்கியாகவும் வேண்டும். புதிதாக வந்தவர்கள் வந்ததும் பிரச்சினை கிளப்புகிறார்கள் என்று பேசுவார்களோ என்று தயங்கியிருக்கிறீர்கள். பேசலாம். நான் பார்த்த வரையில், முப்பது வருடமாக அங்கே இருந்துகொண்டு அந்தத் தாளைப் படித்தே இராத ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, தன் வீட்டுக்கும் படிவம் எப்படி நிரப்புவது என்று கேட்டு வருவதுதான் அதிகம். மறுவிற்பனை விலையைப் பற்றி: ஒரு மாற்றமும் இருக்காது.

வழக்கும் பணமும்

விற்பவர் மேல் வழக்குப் போட இடமில்லை. அவர் அந்த வாசகத்தை எழுதவில்லை, உங்களுக்கு விற்க மறுக்கவும் இல்லை. லேஅவுட் போட்ட கம்பெனி இன்று இருக்கிறதோ இல்லையோ, 1938-ல் எழுதியதற்காக உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் என்று நீதிமன்றத்தில் காட்டச் சட்டப்படி ஒன்றும் இருக்காது. தூக்கம் போன ராத்திரிக்கு ரசீது கிடையாது.

பணம் பற்றித் தோழி சொன்னதில் பாதி உண்மை. 2023-ல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. சொத்து ஆவணம் பதியும்போது 100 டாலர் கூடுதலாக வாங்கி, அந்த நிதியிலிருந்து முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வட்டியில்லாத துணைக் கடன் தருவது. 2024 ஜூலையில் தொடங்கியது. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள், கொரியர் முதலியோரோடு அந்தப் பட்டியலில் இந்திய வம்சாவளியினரும் இருக்கிறார்கள் என்பது சரி. ஆனால் விண்ணப்பிப்பவரோ, அவருடைய பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, அவர்களுக்கு மேல் ஒரு தலைமுறையோ 1968 ஏப்ரலுக்கு முன் வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு. 2014-ல் வந்த உங்களுக்குப் பொருந்தாது. அந்தத் தடையால் நிஜமாகவே வீடு இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது. உங்கள் க்ளோசிங் கணக்குத் தாளில் அந்த 100 டாலர் ஒரு வரியாக வரும். அது என்ன கட்டணம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கீழ்த்தளம்

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் கடிதத்தில் இன்றைய சட்டத்தோடு மோதக்கூடிய ஒரே வரி இதுதான். ‘நம்ம ஊர் சைவக் குடும்பம்’ என்று வாடகை விளம்பரம் கொடுக்காதீர்கள். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் தானும் குடியிருக்கும் சிறிய வீட்டுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கூட்டாட்சிச் சட்டம் சில சலுகைகள் தருகிறது. விளம்பர விதிக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்ன நாட்டவர், இன்ன மதத்தவர் வேண்டும் என்ற விருப்பத்தை எழுத்தில் காட்டினாலே மீறல். சைவ உணவு என்பது மட்டும் சட்டப் பட்டியலில் இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த யாருக்கும் தெரியும். போதாததற்கு, 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில். வீட்டு வாடகையும் அதில் அடக்கம். வீடு பார்க்க வந்தவரிடம் “நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க” என்று காபி கொடுத்துக்கொண்டே கேட்பது, இந்த நகர எல்லைக்குள் புகாரில் முடியலாம்.

வருமானச் சான்று, முந்தைய வாடகை வரலாறு, புகைபிடிக்கக் கூடாது, நாய் உண்டா இல்லையா, இவற்றை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். அது போதும். மாநிலச் சட்டத்திலும் நகரச் சட்டத்திலும் இன்னும் சில விவரங்கள் உண்டு. வாடகைக்கு விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் யாரிடமாவது ஆலோசனை கேட்பது நல்லது.

இனி வேலை வரிசை. க்ளோசிங்குக்கு முன் எதையும் பதிய முயலாதீர்கள். திருத்த ஆவணத்தில் உரிமையாளர்தான் கையெழுத்துப் போட முடியும், நீங்கள் இன்னும் உரிமையாளர் இல்லை. க்ளோசிங் அன்று வருகிற நோட்டரியிடம் அதையும் நீட்டிவிடலாம் என்று தோன்றும். உங்கள் பெயரில் கிரயம் பதிவாகி எண் கையில் வரும் வரை பொறுங்கள். அதற்குள் 1938 ஆவணத்தின் மூன்று பக்கத்தையும் பதிவு எண் தெரியும்படி தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் அந்த எண் ஓர் இலக்கம் தவறினாலும் வேறு யாருடைய மனையிலோ போய் உட்காரும். படிவத்தை நிரப்பியதும் அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை காட்டுங்கள். சட்ட விவரணையில் எழுத்துப்பிழை பார்க்க முப்பது வருட அனுபவம் உள்ளவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?